இரண்டு புள்ளி இரண்டு

அளக்கரைத் திட்டு ஏழாம் கிணற்றின் பதிவுகள் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என் திரைக்கு வந்தன. பதினொன்று நாலுக்குச் சின்னவர் படித்து முடித்துவிட்டார். ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஆழத்தில் பதினெட்டு மீட்டர் மணற்பாறை. அதன் துளைகளில் தண்ணீர் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு, மீதி எரிவாயு. தண்ணீர் அறுபதைத் தாண்டினால் கிணற்றில் சிமென்ட் ஊற்றி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். தாண்டாவிட்டால் எடுப்பார்கள். திரையின் அடியில் எனக்கென்று ஒரு கட்டம் இருந்தது: படித்தேன், ஒப்புகிறேன்.

சின்னவர் என்பது இயந்திரம். நிறுவனம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. கிணற்றுக்குள் இறக்கிய கருவி வரையும் கோடுகளைப் பார்த்துக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் முப்பத்தொரு வருடமாக என் வேலை. அதுவரை நான் செய்த வாசிப்புகளையெல்லாம் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கினார்கள். அதனால் நான் பெரியவர், அது சின்னவர். கேலியைத் தொடங்கியவர் வேலையை விட்டே ஐந்து வருடமாகிறது.

ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு மனிதன் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் என்னை வைத்திருந்தார்கள். நாளுக்கு ஆறு கிணறு, ஏழு கிணறு. உண்மையைச் சொன்னால் நான் படிப்பதில்லை. கட்டத்தைத் தொடுவேன். பிறகு தேநீர் குடிக்கப் போவேன்.

அன்று தொடவில்லை. முந்தின நாள் அலுவலக வாசலில் ஒரு பெண்மணி எனக்காகக் காத்திருந்தார். பெயர் வேம்பாயி. ஐம்பது வயதிருக்கும். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். பாதங்கள் வெளுத்து வெடித்திருந்தன. காவலாளி நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"பூமிக்குள்ள என்னா இருக்குதுன்னு எழுதி கையெழுத்து போடுறவுங்க நீங்கதானா?"

"எழுதுறது மிஷினும்மா. கையெழுத்துதான் நான்."

"அப்ப நீங்கதான்."

மடித்து மடித்துத் துணிபோல் ஆகிவிட்ட ஒரு தாளை நீட்டினார். ஏழாம் கிணற்றில் வாயு உறுதியானால் ஐந்நூறு மீட்டருக்குள் உள்ள ஆக்கிரமிப்புகள் அகற்றப்படும் என்றது தாள்.

"நாப்பத்தோரு வூடு. பட்டா கெடையாது, கரண்டு கெடையாது. மாத்து எடம் கேட்டோம். நீங்க அங்க இருக்குறதுக்கே அத்தாட்சி இல்ல, இல்லாதவங்களுக்கு எப்புடி எடம் குடுக்குறதுங்குறாங்க."

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"எங்க மாமியா அங்கதான் வாக்கப்பட்டு வந்துச்சு."

"வாயு இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

"இருக்குதுங்களா?"

"இன்னும் பதிவு வரல."

"வந்தா சொல்லுவீங்களா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை பல மாதங்களுக்குப் பிறகு ஒரு பதிவை நானே படித்தேன். அங்கே வாயு இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை நிறுத்தியது வேறொன்று. நான்கு கிலோமீட்டர் தள்ளி, பேருந்து நிலையத்தை ஒட்டி ஐந்தாம் கிணறு இருக்கிறது. அதே மணல், அதே ஆழம், கோடுகள் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. ஆனால் ஐந்தில் சின்னவர் தண்ணீர் அறுபத்து மூன்று என்று சொல்லி மூட வைத்திருந்தார். கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு புள்ளி இரண்டு. ஏழில் இரண்டு.

அந்த எண்ணை எனக்குத் தெரியும்.

பாறையின் துளைகள் எவ்வளவு வளைந்து பின்னியிருக்கின்றன என்பதற்கு ஓர் எண் போடவேண்டும். பாறைத்துண்டு கையில் இருந்தால் ஆய்வகத்தில் அளக்கலாம். இல்லாவிட்டால் அனுபவம்தான். வழக்கமாக இரண்டு என்று போடுவோம். இரண்டு புள்ளி இரண்டு என்று போட்டாலும் யாரும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் நூற்றுக்குப் பத்து கூடுதலாகத் தெரியும். அறுபதின் ஓரத்தில் நிற்கும் கிணறு செத்துவிடும்.

முதல்முறை அப்படிப் போட்டபோது எனக்கு முப்பத்தேழு வயது. கிணற்றிலிருந்து தொண்ணூறு மீட்டரில் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரைக்கு கான்கிரீட் போட்டு, அது இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார். என்னை ஏணியில் ஏற்றி அந்தத் தண்ணீரைக் காட்டினார். "இன்னும் பத்து நாளு சார்" என்றார். அவ்வளவுதான். அறைக்கு வந்து இரண்டை அழித்துவிட்டு இரண்டு புள்ளி இரண்டு என்று அடித்தேன். பிறகு பழகிவிட்டது. கிணற்றைப் பார்க்கப் போன இடத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்து, கணக்கும் ஓரத்தில் நின்றால், எண்ணைக் கூட்டிவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

சென்னையில் சின்னவரைப் பராமரிக்கும் குழுவில் ஷஹானா இருக்கிறாள். என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். அவளைத் திரையில் அழைத்து ஐந்தையும் ஏழையும் காட்டினேன்.

"வேற வேற எண் ஏன் போட்டுது?"

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"மத்த கோடு எல்லாம் ஒண்ணுதான் சார். எஸ்.பி.லதான் வித்தியாசம். அஞ்சுல மீன் நடுங்குது. ஏழுல அமைதியா இருக்கு."

எஸ்.பி. எங்கள் தொழிலின் மிகப் பழைய அளவீடு. ஒரு மின்முனை கருவியோடு கிணற்றுக்குள் போகும். இன்னொன்றை மேலே ஈரமண்ணில் புதைப்பார்கள். அதற்குத்தான் மீன் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே பூமி தானாக உண்டாக்கும் மெல்லிய மின்னழுத்தத்தை ஒரு கோடாக வரைவோம்.

"மீன் நடுங்கினா பாறைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சார். பக்கத்துல வீடு இருந்தா மோட்டார், மிக்சி, கிரைண்டர்னு மண்ணுல கரண்ட் கசியும். மீன் அதைப் பிடிக்கும். நீங்க முப்பத்தி நாலு கிணத்துல எண்ணைக் கூட்டியிருக்கீங்க. முப்பத்தி நாலுலயும் கோடு நடுங்குது. சின்னவருக்கு வீடுன்னா என்னன்னு தெரியாது. நடுக்கம் தெரியும். நடுங்கினா பெரியவர் கூட்டுவார்னு கத்துக்கிட்டார்."

திரையில் அவளைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"மூணு வருஷமா."

"மேல சொன்னியா?"

"காட்டினேன். அது எடுக்கலாம்னு சொன்ன இடத்துல எல்லாம் ஒரு மறியல் இல்ல, ஒரு கேஸ் இல்ல. நல்லாத்தானே வேலை செய்யுது, இருக்கட்டும்னாங்க. உங்க பேரை நான் சொல்லல சார்."

"எடுத்துடு அதை. நானே ஒத்துக்கிட்டு எழுதித் தரேன்."

"எடுத்தா நீங்க மூட வெச்ச அந்த முப்பத்தி நாலும் திரும்பக் கணக்குக்கு வரும். ஏழாம் கிணறு மாறவும் மாறாது. அங்க நிஜமாவே இருக்கே சார்."

"ஒப்பலைன்னு போட்டா?"

"மறுஆய்வுக் குழுவுக்குப் போகும். குழு யாரைக் கேக்கும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். போன வருடம் இரண்டு முறை ஒப்பவில்லை என்று எழுதினேன். குழுவில் மூன்று பேர். மூவரும் சின்னவரைக் கேட்டார்கள்.

மதியம் முழுவதும் இருக்கையிலேயே இருந்தேன். என்னை அரித்தது பொய்க் கணக்கு அல்ல. நான் இரக்கப்பட்ட வீடுகள் எல்லாம் என் வீட்டைப் போலவே இருந்திருக்கின்றன. மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, வாசலில் மோட்டார் சுவிட்ச். ஓலையும் தார்ப்பாயும் போட்ட இடத்தில் ஒரு கிணற்றுக்காவது எண்ணைக் கூட்டியிருக்கிறேனா என்று நினைவைத் துழாவினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. அங்கே யாரும் என்னை ஏணியில் ஏற்றிக் காட்டவில்லை. இயந்திரம் என்னைச் சரியாகத்தான் படித்திருந்தது.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. கையெழுத்திடுகிறவன் ஒரு கிணற்றுக்கு ஒருமுறை மறுபதிவு கேட்கலாம். காரணம் எழுதவேண்டியதில்லை. கேட்டேன். வெள்ளிக்கிழமை என்று பதில் வந்தது.

புதன்கிழமை பேருந்து பிடித்து அளக்கரைத் திட்டுக்குப் போனேன். சித்திரை வெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. நாற்பத்தோரு வீடுகளும் ஒரு மண்மேட்டின் மேல் நெருங்கிக் கிடந்தன. வேம்பாயி உப்புக் குவியலைக் கீற்றால் மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"இருக்குதுங்களா?" என்றுதான் கேட்டார்.

"இருக்கு."

கீற்றைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கான்கிரீட் கூரையிலிருந்து மீன் வரைக்கும். எனக்கே வியப்பாக இருந்தது; முப்பத்தொரு வருடத்தில் என் வேலையை நான் யாருக்கும் இத்தனை எளிதாக விளக்கியதில்லை. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"அப்ப அதுக்கு வூடு தெரியாது. கரண்டுதான் தெரியும்" என்றார் வேம்பாயி.

"ஆமா."

"ரேஷன் ஆபீசும் அப்புடித்தான். கார்டு கேட்டா கரண்டு பில்லு கொண்டாங்குறான். கரண்டு ஆபீசுல போயி கேட்டா பட்டா கொண்டாங்குறான். இதுவும் அந்த எனந்தான்."

யாரோ சிரித்தார்கள். வேம்பாயி சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை திரும்ப அளப்பாங்க. அன்னிக்கு ஒரு ரெண்டு மணி நேரம் இந்த மண்ணுல கரண்ட் ஓடணும்" என்றேன்.

"நாப்பத்தோரு வூட்டுக்கும்?"

"எவ்வளவு முடியுமோ."

அவர் யோசித்தது கொஞ்ச நேரம்தான். "கலியமூர்த்தி அண்ணன்கிட்ட ஜெனரேட்டர் கெடக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் கிணற்றடிக்குப் போனபோது டிராக்டர் வந்துவிட்டிருந்தது. கலியமூர்த்தி கல்யாணங்களுக்கு மைக்செட்டும் சீரியல் விளக்கும் போடுகிறவர். ஆறு ஜெனரேட்டர், வயர்ச் சுருள்கள், மூட்டை மூட்டையாகப் பல்புகள்.

"வழியில நாலு பேரு நிறுத்தி, எங்க கல்யாணம்னு கேட்டுட்டான் சார். பொண்ணு பூமாதேவின்னேன். மாப்ள யாருன்னான். ஏதோ மீனாம், நமக்கென்னா தெரியும்னுட்டேன்."

ஒவ்வொரு ஜெனரேட்டரின் எர்த் கம்பியையும் பாத்தியின் ஈரத்தில் ஆழமாக இறக்கச் சொன்னேன். உப்பு ஊறிய மண்ணைப் போல மின்சாரத்தைக் கடத்த வேறு மண் கிடையாது. குழந்தைகளையும் ஆடுகளையும் மேட்டுக்கு மேலே அனுப்பிவிட்டு, வேம்பாயி ஒரு மூங்கில் கழியோடு காவல் நின்றார். பத்தே காலுக்கு நாற்பத்தோரு வீட்டு வாசலிலும் விளக்கு எரிந்தது. வெயிலில் அது வெளிச்சமாகவே தெரியவில்லை. கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் புழு நெளிவதுபோல் இருந்தது.

பதிவு எடுக்கும் பொறியாளர் யாசின். நாகூர்க்காரன், என்னோடு பன்னிரண்டு வருடம் பழக்கம். கருவியை அடிவரை இறக்கிவிட்டுப் பதிவு வண்டியிலிருந்து இறங்கி, வழக்கப்படி கைதட்டிக் கூவினான்.

"எஸ்.பி. எடுக்கப்போறோம். வெல்டிங்க நிறுத்துங்க. லைட்டு மோட்டாரு எல்லாத்தையும் நிறுத்துங்க."

கிணற்றடி அடங்கியது. மேட்டிலிருந்து ஜெனரேட்டர்களின் உறுமல் மட்டும் வந்தது. யாசின் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தான்.

"சார், அங்க லைட் எரியுது."

"ஆமா."

"பகல்ல."

"ஆமா."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மீன் புதைத்திருந்த இடத்தைப் பார்த்தான். வண்டிக்குள் முதல் பதிவு இருந்தது, அதில் எஸ்.பி. கோடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று அவனுக்குத் தெரியும். நான் என் இரண்டு மாதத்தை, அவனுக்கு மிச்சமிருந்த இருபது வருடத்தை, அவன் வீட்டில் இருக்கும் மூன்று பெண்களை எல்லாம் நினைத்தேன். கெஞ்சவேண்டும் என்று தோன்றியது.

"நிறுத்தச் சொல்லணும் சார். அதுதான் விதி" என்றான் கடைசியாக.

"சொல்லு."

"சொல்லலாம். ஆனா எனக்கு அதிகாரம் கம்பி வேலி வரைக்கும்தான்." வண்டிக்குள் ஏறிக்கொண்டான்.

கருவி மேலே வர ஐம்பது நிமிடம். கோடு நடுங்கிக்கொண்டே ஏறியது. மணற்பாறைக்கு இருபது மீட்டர் இருக்கும்போது மேட்டில் ஒரு ஜெனரேட்டர் இருமி அடங்கியது, தொடர்ந்து இன்னொன்று. நடுக்கம் சுருங்கியது. யாசின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேபிள் சூடாகுது போல. கொஞ்சம் மெதுவா இழுங்க" என்று கேபிளை இழுக்கும் வின்ச் ஆளிடம் சொன்னான். கேபிள் சூடாகவில்லை. வெளியே கலியமூர்த்தி கயிற்றை இழுத்து இழுத்து வைவது கேட்டது. அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை. உறுமல் திரும்பியது. மணற்பாறை முழுவதும் கோடு காய்ச்சல்காரன் கைபோல் நடுங்கியது.

"இரைச்சல் இருக்கு. குறிப்புல காரணம் எழுதணும் சார்" என்றான் யாசின்.

"என்ன எழுதப் போற?"

"அங்க எத்தன வீடு?"

சொன்னேன். எழுதினான்: 'மின் இரைச்சல். காரணம், அருகில் குடியிருப்பு, நாற்பத்தோரு வீடுகள்.' வேறெந்தத் தாளிலும் இல்லாத ஊர் அந்தத் தாளில் ஏறியது.

பதிவைச் சின்னவருக்கு அனுப்பினோம். நான்கு நிமிடம். தண்ணீர், நூற்றுக்கு அறுபத்து மூன்று. கிணற்றை மூடலாம். அந்தத் தீர்ப்பின் கீழேயே, துளைபோடும் ரிக் அடுத்துப் போகவேண்டிய இடத்தின் பெயரும் வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்துப் பழைய பதிவுகளை வைத்துப் பட்டியலைத் தயாரிப்பதும் சின்னவர்தான். ஒன்று விழுந்தால் அடுத்தது எழும்.

வெளியே வந்தேன். ஜெனரேட்டர்களை நிறுத்திவிட்டார்கள். வேம்பாயி கழியை ஊன்றிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"மூடிடுவாங்க. நாலு நாள்ல கிளம்பிடுவாங்க" என்றேன்.

தலையசைத்தார். நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ரிக்கின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தால எங்க போவும் இது?"

"வேற இடம்."

"அங்க கரண்டு இருக்கா?"

"தெரியாதும்மா. கோப்புல அதெல்லாம் இருக்காது."

"இருக்காது. இருந்தா இது அங்க போவாதுல்ல" என்றார்.

மூன்று நாளாக இந்த ஒரு கிணற்றையே யோசித்ததில் பட்டியலைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. அமைதியான மண்ணாகப் பார்த்துப் பார்த்து அது போகும். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இன்னோர் இருட்டுக்கு. நான் ஓய்வு பெற்ற பிறகும் போகும்.

"பேரு என்னா அந்த எடத்துக்கு?"

கோப்பில் இருப்பதை வெளியாளிடம் சொன்னால் வேலை போகும். இந்தப் புதன்கிழமை வரை முப்பத்தொரு வருடத்தில் சொன்னதில்லை.

"முடக்கரம்பை" என்றேன்.

"முடக்கரம்பை." இன்னொரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "எப்ப அளப்பாங்க?"

"குழி தோண்டி முடிக்க நாப்பது நாள் ஆகும். அப்புறம்."

"மொத அளவுலயே கரண்டு ஓடிட்டா? அப்பவும் யாராச்சும் திரும்ப அளக்கச் சொல்லணுமா?"

"தேவையில்ல. யாரும் வேண்டாம். நானும் வேண்டாம்."

அவர் திரும்பி மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, வயர ஊருக்கு எடுத்துட்டுப் போயிராத. வேல இருக்கு."

"இன்னொரு கல்யாணமா?" என்றார் கலியமூர்த்தி, பல்புகளைக் கழற்றிக்கொண்டே.

"ஆவுமோ ஆவாதோ. மொதல்ல நாம போயி அந்தச் சனங்கள பாப்போம். இப்புடி இப்புடின்னு சொல்லுவோம். அவங்களுக்கு வேணுமா வேணாமான்னு கேப்போம்."

வேணுமா வேணாமா. முப்பத்து நான்கு இடங்களில் ஒன்றிலாவது அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

வண்டிக்குள்ளிருந்து யாசின் கூப்பிட்டான். என் கட்டம் காத்திருந்தது.